பங்கஜவல்லிக்குக் கலியாணம் நடந்ததா?

பிரிக்பீல்ட்ஸ் தமிழ் ஞானாபிவிருத்தி வாசகசாலையில் புத்தகம் வாசிப்பது ஒன்றைத் தவிர மற்றக் காரியமெல்லாம் விதிப்படி நடந்துவந்தது. விதிகள் மொத்தம் நாற்பத்து மூன்று. அவற்றைத் தனியாக ஒரு சிறு புத்தகமாக அச்சடித்திருந்தார்கள். வாசகசாலையில் கைபட்டுக் கைபட்டு ஓரம் கசங்கியிருந்த புத்தகம் அது ஒன்றுதான். அலமாரிகள் இரண்டு. ஒன்றில் புத்தகங்கள், மற்றதில் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள். 1934-ஆம் வருஷம் பாதியிலேயே குறிப்பு அலமாரி நிரம்பி, புத்தக அலமாரியின் கீழ்த்தட்டையும் பிடித்துக்கொண்டது.

விதிகளில் பதினாலாவது அபிப்பிராய விதி. புதிதாக வரும் எந்தப் புத்தகத்தையும், அங்கத்தினர் எல்லோரும் அதைப் பற்றி அபிப்பிராயம் எழுதி முடிக்கும்வரை யாரும் தொடக் கூடாது. தொடாமல் எப்படி அபிப்பிராயம் எழுதுவது என்று கேட்கிறவர்கள் அங்கத்தினராகச் சேருவதில்லை. அபிப்பிராயப் பதிவேட்டில் தலைவர் முதலில் எழுதுவார். பிறகு பதிவேடு உத்தியோக வரிசைப்படி ஒவ்வொருவராக இறங்கி வரும். கீழே இருப்பவருடைய அபிப்பிராயம் மேலே இருப்பவருடையதைவிட ஒரு வரியாவது குறைவாக இருக்கவேண்டும். இந்தக் கணக்கில் இருபத்து மூன்றாவதாக, கடைசியாக எழுதுகிற தம்புசாமிக்கு ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் இடம் மிஞ்சும். "மேற்படி."

தம்புசாமி ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை நிறுக்கிறவர். நாலு வருஷமாக வருகிற புத்தகத்துக்கெல்லாம் மேற்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தார். கையெழுத்துக்கு முன்னால் அப்படி ஒரு வார்த்தை வைப்பது மரியாதை போலும் என்பது அவர் எண்ணம். அவர் வாசகசாலையில் சேர்ந்ததே பெண்சாதி இராஜம்மாவுக்காக. அவள் கிள்ளானில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புப் படித்தவள். சாமான் மடித்து வந்த காகிதத்தைக்கூட முதலில் வாசித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். ஒன்பதாவது விதிப்படி பெண்கள் அங்கத்தினராக முடியாது. ஆகவே சனிக்கிழமைதோறும் தம்புசாமி கக்கத்தில் ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார், அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பார். கொடுக்குமுன் ஏடுகளை மூட்டை எண்ணுவதுபோல எண்ணிப் பார்ப்பார். ஏனென்றால் இருபத்திரண்டாவது விதி ஒன்று இருந்தது. ஒரு பக்கம் குறைந்தாலும் பேர் நீக்கம், மறுபடி சேர்க்கை கிடையாது.

அந்த வருஷம் ஆவணி மாதத்தில் துணிக்கடை யூனுஸ் ராவுத்தர் வாசகசாலைக்கு ஒரு புத்தகம் நன்கொடையாகக் கொடுத்தார். நாகப்பட்டினத்திலிருந்து வந்து துறைமுகத்தில் இறங்கிய கைலிக் கட்டுக்குள் அது செருகியிருந்ததாம். காரியதரிசி நாகையா வாத்தியார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, பெயரைக் கூட்டத்தில் வாசித்தார்:

"பிராசிகியூட்டர் பங்கஜவல்லி, அல்லது, ஏலக்காய் மாளிகைக் கொலை."

கூட்டம் திடுக்கிட்டது. கொலைக்காக அல்ல.

"பெண்பிள்ளை பிராசிகியூட்டரா?" என்றார் தலைவர் ஏகாம்பரம். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, அவர். மூக்குப்பொடி டப்பியை ஒருமுறை திறந்து மூடினால் அலுவலகமே எழுந்து நிற்கும் என்று அவரே சொல்வார்.

"நான் கிள்ளான் கோர்ட்டிலே பதினெட்டு வருஷமாத் துபாஷியா நிக்கிறேன்" என்றார் உபதலைவர் பழனியப்பன். "சாட்சி தமிழ்லே சொல்றதை துரைக்கு இங்கிலீஷ்லே சொல்லணும், அதான் வேலை. இதுவரைக்கும் கோர்ட்டுக்குள்ளே நான் பார்த்த பொம்பளைங்க எல்லாம் கூண்டுக்குள்ளே நின்னவங்கதான்."

யார் முதலில் படிப்பது என்ற பேச்சு எழுந்தது. தலைவர் கையை உயர்த்தினார். "எனக்கு வேண்டாம். மதராஸ் போயிருந்தபோதே படித்துவிட்டேன்."

"நானுந்தான். ரெண்டு தரம்" என்றார் பழனியப்பன்.

பிறகு பார்த்தால் இருபத்திரண்டு பேரும் படித்திருந்தார்கள். சிலர் கப்பலில், சிலர் மாமனார் வீட்டில்.

யூனுஸ் ராவுத்தர் தலையைச் சொறிந்தார். "போன மாசந்தான் அச்சாச்சுன்னு முதல் ஏட்டுலே போட்டிருக்கே, அண்ணே."

"அச்சாவதற்கு முன்பே படிக்கிறவர்களுக்குப் பேர்தான் வாசகர்கள்" என்றார் தலைவர். நாகையா அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அடுத்தபடியாக, அபிப்பிராயத்துக்கு வைத்திருந்த மூன்று வாரமும் இந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது? அலமாரியில் வைத்தால் பலவீனமான அங்கத்தினர் யாராவது திறந்துவிடக்கூடும். படிக்கும் சுபாவம் அறவே இல்லாத ஒருவர் வீட்டில் வைப்பதே பத்திரம் என்று தீர்மானமானது. எல்லாக் கண்களும் தம்புசாமியிடம் போய் நின்றன. பழுப்புக் காகிதத்தில் சுற்றி, சணல் கட்டி, "பொறுப்பாளி" என்று அவருக்கு ஒரு பட்டமும் கொடுத்து அனுப்பினார்கள். நாலு வருஷத்தில் வாசகசாலை அவருக்குச் செய்த முதல் மரியாதை அது.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் இராஜம்மா சணலை அவிழ்த்துவிட்டாள்.

அதன்பிறகு நடந்ததை ரயில்வே லயன் குடியிருப்பு முழுவதும் அறியும். பின்வரிசையில் கூலிக்காரர்கள், சில்லறை உத்தியோகஸ்தர்கள், முன்வரிசையில் கிராணிமார்கள். துபாஷி பழனியப்பன் மட்டும், வீடு காலியில்லாததால் பின்வரிசைக் கடைசி வீட்டில் இருந்துகொண்டு, அதை யாரும் நினைவுபடுத்துவதை விரும்பாமல் இருந்தார். இராஜம்மா காலையில் பின்வரிசைக் குழாயடியில் அன்றன்று படித்ததைச் சொல்வாள். ரவிக்கை தைக்கிறவள் ஆதலால், பிற்பகலில் அளவெடுக்க முன்வரிசைக்குப் போவாள். பெரிய கிராணி வீட்டுப் பின்புறத்தில் அவருடைய சம்சாரம் புஷ்பவல்லியும் நாலைந்து கிராணியம்மாக்களும் கூடுவார்கள். அளவு நாடா கழுத்தில் தொங்க, அங்கேயும் அதே கதையைச் சொல்வாள். ஏலக்காய் மாளிகை மிராசுதார் செத்துக் கிடக்கிறார். பழி ஒரு ஏழைச் சமையற்காரன்மேல், முக்கிய சாட்சி குடும்ப டாக்டர். ராஜதானியிலேயே முதல் பெண் பிராசிகியூட்டரான பங்கஜவல்லிக்கு மட்டும் சந்தேகம். குற்றம் சாட்டவேண்டியவளே, ஒரு வாலிப இன்ஸ்பெக்டர் துணையோடு, குற்றவாளி வேறு ஆள் என்று தேடுகிறாள். குடங்கள் நிரம்பி வழிந்து வாய்க்காலில் ஓடின. யாரும் கவனிக்கவில்லை.

பத்தாம் நாள் இராஜம்மா இருநூற்றெட்டாம் பக்கத்துக்கு வந்தாள். "பங்கஜவல்லி எழுந்து, கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு, ‘கனம் கோர்ட்டார் அவர்களே! கொலையாளி வேறு யாருமல்ல,’" என்று இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அட்டை.

தம்புசாமி புத்தகத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்து உதறினார். எதுவும் விழவில்லை. முன்னால் இருந்த பொருளடக்கம், கதை இருநூற்றிருபத்து நாலாம் பக்கத்தில் முடிவதாகச் சொல்லிற்று.

"பதினாறு பக்கம், இராஜம்மா."

"வரும்போதே இப்படித்தாங்க இருந்திருக்கு. தைச்ச நூலைப் பாருங்க, கடைசிக் கட்டை வச்சே தைக்கலே."

"அதை யாரு நம்புவாங்க? பொறுப்பாளி நானு. கிழிச்சது நாமதான்னு பேரை வெட்டிடுவாங்க."

"வெட்டினா?"

"அப்புறம் புஸ்தகம் ஏது?"

இராஜம்மா பழுப்புக் காகிதத்தைத் தேடி எடுத்தாள். நாலு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அந்த வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த ஒரே விருந்தாளி இனி வராது என்கிறார் அவர். புத்தகத்தை மறுபடி சுற்றி, சணலைப் பழைய முடிச்சிலேயே போட்டு, தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்வதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

ஆனால் குழாயடிக்கு அந்த முடிவு தெரியாது.

"யாருடி கொன்னது?" என்றாள் மாரியாயி, மறுநாள் விடியும்போதே, குடத்தைக்கூட இறக்காமல். "ராவெல்லாம் தூக்கமில்லே எனக்கு."

"அந்த டாக்டர்தானே?" என்றாள் லெட்சுமி.

"சும்மா இருங்கலா, அவளைச் சொல்ல விடுங்க" என்று அதட்டினாள் வீரம்மா. துபாஷி பழனியப்பனின் மனைவி அவள். வீட்டில் வாயைத் திறக்க இடமில்லாதவள். ஆகவே குழாயடியில் அவளுக்குத்தான் குரல் அதிகம்.

பக்கம் இல்லை என்று சொன்னால் மத்தியானத்துக்குள் அது முன்வரிசைக்குப் போகும், சாயந்தரத்துக்குள் பெரிய கிராணியின் காதுக்குப் போகும். இராஜம்மா ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்.

"கொன்னது டாக்டர்தான். மிராசுதார் எட்டு மணிக்குப் பாலைச் சுடச்சுடக் குடிச்சாரு, அப்ப உயிரோட இருந்தாரு, நான் வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டேன்னு டாக்டர் சாட்சி சொன்னாரில்லே? பங்கஜவல்லி அந்த டம்ளரைக் கோர்ட்டுக்குக் கொண்டாரச் சொல்றா. டம்ளர் ஓரமெல்லாம் கனமா ஏடு ஒட்டிக் காய்ஞ்சிருக்கு. ‘சுடச்சுடப் பாலைக் குடிச்சா ஏடு ஏது? ஆறி, ஏடு கட்டினப்புறம் யாரோ கீழே ஊத்தியிருக்காங்க. எட்டு மணிக்கு அதைக் குடிக்க ஆளே இல்லே, மிராசுதார் அதுக்கு முன்னாடியே செத்தாச்சு’ன்னு கேட்டா பாரு, டாக்டருக்கு வேர்த்துப்போச்சு."

"பால் காய்ச்சத் தெரிஞ்சவ" என்றாள் மாரியாயி திருப்தியாக. "ஆம்பளை வக்கீலா இருந்தா அந்த டம்ளரைக் கழுவி வச்சிருப்பான். இல்லே, அதைக்கூடச் செஞ்சிருக்க மாட்டான்."

"அப்புறம்?" என்றாள் வீரம்மா. "அந்த இன்ஸ்பெக்டரு? நல்ல பையனா இருந்தானே?"

எல்லா முகங்களும் கலியாணச் சாப்பாட்டுக்குப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தன. இராஜம்மாவுக்கு ஏமாற்ற மனம் வரவில்லை. இன்ஸ்பெக்டருக்கும் பங்கஜவல்லிக்கும் குழாயடியிலேயே கலியாணத்தை முடித்து வைத்தாள்.

பிற்பகலில் முன்வரிசையிலும் டாக்டர் பிடிபட்டார். பாலேடு அங்கேயும் பாராட்டுப் பெற்றது. இன்ஸ்பெக்டர் தாலியோடு வாசலுக்கு வந்த இடத்தில்தான் புஷ்பவல்லி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம், இராஜம்மா."

"என்னக்கா?"

"அந்தப் பொண்ணாவது நிம்மதியா இருக்கட்டுமே. மாசம் பொறந்தா சம்பளம் வருது, நாலு பேரு எழுந்து நின்னு வணக்கம் சொல்றாங்க. எதுக்கு ஒருத்தரோட மூக்குப்பொடிக் கைக்குட்டையைத் தெனம் அலசிக்கிட்டு? எந்தத் தண்ணியிலே போட்டாலும் அந்தக் கறை போறதில்லே."

மற்றக் கிராணியம்மாக்களும் தலையாட்டினார்கள். இராஜம்மா யோசித்தாள். "ஆமாக்கா. அவ மாட்டேன்னுதான் சொல்லிட்டா. நீங்க சொன்ன மாதிரியேதான் சொன்னா." இன்ஸ்பெக்டர் வந்த வழியே போனார்.

ஆக, ஒரே நாளில், ஒரே புத்தகத்தில், பின்வரிசையில் கலியாணம் நடந்தது, முன்வரிசையில் நடக்கவில்லை.

அபிப்பிராயம் எழுதவேண்டிய ஞாயிறு நெருங்கிற்று. புத்தகத்தை ஏற்கெனவே படித்துவிட்ட இருபத்திரண்டு பேருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவேண்டிய அவசரம் வந்தது. பெரிய கிராணி சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு சம்சாரத்தைக் கூப்பிட்டார். "அந்தப் பங்கஜவல்லி கதையிலே கடைசியிலே என்ன ஆகுது? எனக்குத் தெரியும். நீங்க பேசிக்கிறது சரியான்னு பார்க்கத்தான் கேக்கிறேன்." துபாஷி வீட்டிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். அன்று வீரம்மா தன் வீட்டுக்குள் முழுதாக அரைமணி நேரம் பேசினாள். கலியாணமாகி பதினோரு வருஷத்தில் அவளுக்கு அது கிடைத்த முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகாசபை கூடிற்று. தம்புசாமி புத்தகக் கட்டைக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்து மேஜைமேல் வைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டைப் பிரிக்காமலே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய வேண்டுதல். விதிப்படி பார்த்தால் முடிந்துவிடும்தான். இதுவரை அபிப்பிராயம் எழுதிய நாற்பது புத்தகத்தில் ஒன்றைக்கூடச் சபையில் திறந்து பார்த்ததில்லை.

தலைவர் எழுந்தார்.

"மகாஜனங்களே! நான் இந்நூலை மும்முறை வாசித்தவன். இது விஷம். ஒரு பெண் சட்டம் படிக்கலாமா என்று நான் கேட்கவில்லை. படித்தாலும் நம் வீடுகளில் யார் அதைக் கேட்கப்போகிறார்கள்? என் ஆட்சேபம் முடிவைப் பற்றியது. ஒரு கொலை வழக்கைப் பாலேட்டை வைத்து முடிப்பதா? இருபத்தாறு வருஷமாக நான் தினம் பால் சாப்பிடுகிறேன். ஏடு என்பது எங்கே, எப்போது, எப்படி உண்டாகிறது என்று நான் அறியேன். அறியவேண்டிய அவசியமும் எனக்கு ஏற்பட்டதில்லை. நானே அறியாத ஒரு விஷயம் கோர்ட்டில் எப்படிச் செல்லும்? போகட்டும். கடைசியில் அந்தப் பெண் கலியாணமே வேண்டாம் என்கிறாள்! இதை அலமாரியில் வைத்தால் நாளைக்கு நமக்குக் காப்பி யார் கொடுப்பது?"

முன்வரிசை கைதட்டிற்று. நாகையா "பலத்த கரகோஷம்" என்று எழுதிக்கொண்டார்.

பழனியப்பன் எழுந்தார். வீட்டில் பேசுவதை மறந்து மேடைத் தமிழுக்கு ஏறினார்.

"தலைவர் அவர்கள் மும்முறை வாசித்ததாகச் சொன்னார்கள். நான் நான்முறை. பாலேடு விஷயத்தில் தலைவரோடு எனக்கு அபிப்பிராய பேதமில்லை. பதினெட்டு வருஷத்தில் ஆயிரம் சாட்சிகளின் வார்த்தையை நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன். பால் ஒருநாளும் சாட்சி சொன்னதில்லை. ஆனால் கலியாணம் வேண்டாமென்று அந்தப் பெண் சொன்னாள் என்பது அப்பட்டமான பொய்! அவள் இன்ஸ்பெக்டரை மணந்துகொண்டு, அங்கியைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். ஆகையால் இது உத்தமமான நூல். பெண்கள் எவ்வளவு உயரம் போனாலும் கடைசியில் இறங்கிவிடுவார்கள் என்று காட்டுகிறது."

"மணந்துகொள்ளவில்லை!"

"மணந்துகொண்டாள்! மேளம் வாசிச்சவன் பேர்கூடப் போட்டிருக்கு!"

"யாரைப் பார்த்துப் பொய் என்கிறீர்?"

"நான்முறை படிச்சவன்கிட்டே மூணுமுறை படிச்சவர் வாதாடலாமாங்காணும்?"

தலைவர் தாம் ஐந்தாம் முறை படித்ததை அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டார். பெஞ்சுகள் நகர்ந்தன. முன்வரிசைக்காரர்கள் ஒரு பக்கம், பின்வரிசைக்காரர்கள் ஒரு பக்கம். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிற ஒருவர், மணமகள் கட்டியிருந்த புடவையின் நிறத்தைக்கூடச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் ஒருவர், அந்தப் புடவை கடைக்கே திரும்பிப் போன பக்கத்தின் எண்ணைச் சொன்னார். இருநூற்றுப் பத்தொன்பதாம் பக்கமாம்.

தம்புசாமிக்குத் தலை சுற்றியது. முடிவு இராஜம்மாவுடையது என்று அவருக்குத் தெரியும். தகரப் பெட்டியில் கிடந்த புத்தகத்தில் இல்லாத பக்கங்களை இத்தனை பெரிய மனிதர்கள் எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. ஒருவேளை மதராஸ் பிரதிகளிலும் பாலேடு இருக்குமோ என்றுகூட நினைத்தார்.

வாக்கு எடுத்தார்கள். கலியாணம் நடந்தது, பதினொன்று. நடக்கவில்லை, பதினொன்று. நாகையா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்கு வந்தார்.

"தம்புசாமி, உம்முடைய அபிப்பிராயம்?"

"மேற்படி, சார்."

"எந்த மேற்படி? மேலே ரெண்டு இருக்கிறதே."

"எப்பவும் போடற மேற்படிங்க."

இருபத்திரண்டு தலைகளும் திரும்பின. பெரிய கிராணி பார்க்கிறார். அவர் ஒரு கடுதாசி எழுதினால் எடைத் தராசு வேறு கைக்குப் போகும். துபாஷியும் பார்க்கிறார். தம்புசாமி எந்தப் பக்கம் சொன்னாலும் ஒருத்தருடைய பகை வரும். கட்டைப் பிரித்தால் எல்லாமே போகும். வேறு வழி தெரியாமல், அந்த அறையில் அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"நான் படிக்கலீங்க."

யாரோ "சீ" என்றார்கள்.

"படிக்காமல் ஒருவர் அங்கத்தினராக இருக்கிறாரா!" என்று தலைவர் மூக்குப்பொடி டப்பியை மேஜைமேல் வைத்தார். "இந்த வாசகசாலையின் சரித்திரத்திலேயே..."

"அது கெடக்கட்டும் அண்ணே," என்றார் யூனுஸ் ராவுத்தர். நன்கொடையாளர் என்று அவருக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், வாக்கு இல்லை. கடைக்கு நேரமாகிறது அவருக்கு. "புஸ்தகம் மேசை மேலேதானே இருக்கு? பிரிச்சுப் பார்த்தா முடிஞ்சுது ஜோலி."

இப்படி ஒரு யோசனை அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள்; தனித்தனியே தொடத்தான் தடை, சபை கூடித் தொடுவதற்கு இல்லை. தம்புசாமி கண்களை மூடிக்கொண்டார். சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாக அணைவது தெரிந்தது.

தலைவர் சணலை அறுத்தார். கண்ணாடியை மாட்டினார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். "கொலையாளி வேறு யாருமல்ல" என்பதற்கு அப்பால் அட்டை. அட்டையைத் தடவிப் பார்த்தார். ஐந்து முறை படித்த மனிதர், புத்தகத்தில் முடிவே இல்லை என்று இப்போது எப்படிச் சொல்வது?

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அட்டையைப் பார்த்தபடி, உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

"‘இன்ஸ்பெக்டரே! எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிறார்கள். ஒருவருடைய மூக்குப்பொடிக் கைக்குட்டையைத் தினந்தோறும் அலசவேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. எந்தத் தண்ணீரில் போட்டாலும் அந்தக் கறை போவதில்லை’ என்றாள் பங்கஜவல்லி. முற்றும்."

வாசித்த சிரமத்தில் வேர்த்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சபை முழுவதும் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தது. பிறகு கூரையைப் பார்த்தது.

"கொண்டாங்க இப்படி!" என்று பழனியப்பன் புத்தகத்தைப் பிடுங்கினார். புரட்டினார். அவர் முகம் ஒரு கணம் சாட்சி கூண்டில் ஏறிய மாதிரி ஆயிற்று. பக்கமே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியானால் நான்முறை எதைப் படித்தீர் என்று கேட்பார்களே என்று வாயை மூடினார். தலைவர் அவரைப் பார்த்தார். அவர் தலைவரைப் பார்த்தார். இருவருக்கும் இடையே பதினாறு பக்கம் மௌனமாக ஓடிற்று.

பழனியப்பன் அதே அட்டையிலிருந்து கலியாணத்தை வாசித்தார். மேளக்காரன் பேரிலிருந்து பந்தியில் பரிமாறிய பாயசம் வரை வாசித்தார்.

பிறகு ஒவ்வொரு அங்கத்தினராக மேஜைக்கு வந்து பார்த்தார்கள். வந்தவர்கள் அனைவரும் சற்று நேரம் குனிந்து நின்று, "ஆமாம், இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முன்வரிசைக்காரர்களுக்கு முன்வரிசை முடிவு இருந்தது, பின்வரிசைக்காரர்களுக்குப் பின்வரிசை முடிவு. புடவை நிறத்தைச் சொன்னவர் மட்டும், அச்சு கொஞ்சம் மங்கல் என்றார்.

யூனுஸ் ராவுத்தரும் எட்டிப் பார்த்தார். "கடைசி ஏடே..." என்று தொடங்கியவர், தம்புசாமியின் முகத்தைக் கண்டு நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார். "எனக்குக் கைலி நம்பர்தான் படிக்க வரும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. காரியதரிசியின் கையெழுத்தில் இன்றைக்கும் அது அந்தக் குறிப்பு அலமாரியில் கிடக்கிறது. "மேற்படி நூலில் ஒரே பக்கத்தில் இரண்டு முடிவுகள் காணப்படுகின்றன என்பதும், வாசிப்பவருடைய தகுதிக்கேற்ப ஒன்று புலப்படும் என்பதும் இச்சபையாரால் நேரில் பரிசோதித்து ஒப்புக்கொள்ளப்பட்டன. இத்தகைய நூல் பெண்கள் கையில் கிடைத்தால் அவர்கள் தவறான முடிவைக் கண்டுவிடக்கூடும். ஆகையால் இனி எக்காலத்திலும் இது திறக்கப்படலாகாது. மேலும், இனிவரும் புதிய நூல்களிலும் இதுபோன்ற அபாயம் இருக்கக்கூடுமாதலால், அவை வந்தவுடன், அபிப்பிராயம் பதிவாகும்வரை, நமது அங்கத்தினருள் படித்திராத ஒரே நபரான தம்புசாமி வசத்தில் வைக்கப்படவேண்டியது."

தம்புசாமிக்கு முதலில் புரியவில்லை. "பேரை வெட்டலீங்களா?" என்று நாகையாவிடம் கேட்டார்.

"வெட்டினா புஸ்தகத்தை யாருய்யா வச்சிக்கிறது? இங்கே எல்லாரும் படிச்சவங்க."

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னார். இராஜம்மா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை மடியில் போட்டுவிட்டு, "ரெண்டையுமா வாசிச்சாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டையும். ஒரு சொல்லு தப்பாம."

"என் வாயாலே சொன்னப்ப எனக்கே இவ்வளவு நல்லாத் தெரியலையே" என்றாள்.

அடுத்த மாதம் பினாங்கிலிருந்து வாசகசாலைக்கு மூன்று புதுப் புத்தகங்கள் வந்தன. தபால் ஆபீஸ் கட்டோடு, அரக்கு முத்திரை உடையாமல், சனிக்கிழமை மாலை நாகையாவே அவற்றைச் சுமந்து வந்து பொறுப்பாளி வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் காலை, கோழி கூவி ஓய்வதற்குள், பின்வரிசைச் சந்தில் அதுவரை கால் வைத்திராத புஷ்பவல்லி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வந்து இராஜம்மாவின் வாசலில் நின்றாள்.

"உள்ளே வாங்கக்கா. என்ன இவ்வளவு காலையிலே?"

"அவரு அனுப்பினாரு." புஷ்பவல்லி சந்தின் இரண்டு முனையையும் பார்த்துக்கொண்டாள். "புதுசா மூணு புஸ்தகம் வந்திருக்காமே. மூணையும் முன்னாடியே படிச்சிட்டாராம். எது எதிலே என்ன வந்துதுன்னுதான் கொஞ்சம் கலந்துபோச்சாம். நீ என்ன சொல்றேன்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு."

இராஜம்மா கத்தரிக்கோலை எடுத்து வந்து, கட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னும் பிரிக்கலேக்கா" என்றாள். "உக்காருங்க. எப்படி முடிஞ்சா உங்களுக்குத் தேவலே?"